முதலில் வாய் திறக்கட்டும்

அரசு கலைக் கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பிக்க இந்த ஆண்டு புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். நீங்கள் நிரந்தரப் பணியில் இருந்தாலும் கௌரவ விரிவுரையாளராக இருந்தாலும் உங்கள் முன் வந்து உட்காரும் பிள்ளைகள் ஒரே வகைதான். பெரும்பாலும் தமிழ்வழியில் படித்தவர்கள். வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்திருக்கிறார்கள், தேர்விலும் தேறியிருக்கிறார்கள். ஆனால் அந்த மொழியில் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டதில்லை, ஒன்றைச் சொன்னதில்லை. அவர்களுக்குக் குறை அறிவில் இல்லை, இலக்கணத்திலும் பெரிதாக இல்லை. பேசிப் பார்க்க இடம் கிடைக்கவில்லை, பேசினால் சிரிப்பார்களோ என்ற பயம் போகவில்லை. இந்த இரண்டையும் சரிசெய்ய உங்களால் முடியும். இந்தப் பிள்ளைகளோடு பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. முதல் நாளே “இங்கே ஆங்கிலத்தில் மட்டும்தான் பேச வேண்டும்” என்று சட்டம் போடாதீர்கள். தமிழைத் தடுத்தால் ஆங்கிலம் வராது, மௌனம்தான் வரும். முதல் வாரம் தமிழிலேயே பேசுங்கள். எந்த ஊர், எந்தப் பேருந்து, எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறாய், மாலையில் எங்காவது வேலைக்குப் போகிறாயா என்று கேளுங்கள். பெயர்களை மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேட்டு எண்ணைச் சொல்லிக் கூப்பிடும் ஆசிரியர் முன்னால் தப்பும் தவறுமாகப் பேசிப் பார்க்க எந்தப் பிள்ளைக்கும் துணிவு வராது. பெயர் தெரிந்த ஆசிரியரிடம் வரும்.

2. வகுப்பில் ஒருவர் தடுமாறும்போது எழும் சிரிப்பை முதல் வாரத்திலேயே கவனியுங்கள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிள்ளை மூன்றாண்டு வாயைத் திறக்காமலே பட்டம் வாங்கிப் போய்விடும். அப்படிப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் மனம் ஆறவில்லை. சிரித்தவர்களை நிற்கவைத்துத் திட்டுவதால் பயன் இல்லை. அடுத்த முறை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்க வாய்ப்பே இல்லாதபடி வகுப்பை அமையுங்கள். முதல் இரண்டு மாதம் யாரையும் தனியாக எழுப்பி நிற்கவைத்துப் பேசச் சொல்லாதீர்கள். மேடை, மைக் எல்லாம் கடைசியில் வரட்டும். பக்கத்தில் இருப்பவரிடம் தாழ்ந்த குரலில் பேசுவதிலிருந்து தொடங்கட்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும் வகுப்பில் யாருடைய தப்பும் தனியாகக் காதில் விழாது.

3. இதுதான் நான் சொல்ல வந்ததிலேயே பெரியது. ஒவ்வொரு நாளும் வகுப்பு முடிந்ததும் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இன்று ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை நிமிடம் ஆங்கிலம் பேசியது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். வகுப்பு 50 நிமிடம். பிள்ளைகள் 60 பேர். ஒருவர் பின் ஒருவராக எழுப்பிப் பேசவைத்தால், நீங்கள் ஒரு சொல்கூடப் பேசாமல் இருந்தாலும், ஆளுக்கு ஒரு நிமிடம் தேறாது. உண்மையில் நாம்தான் 40 நிமிடம் பேசுகிறோம். மீதியில் முன்வரிசையில் இருக்கும் நான்கு பேர் பதில் சொல்கிறார்கள். அந்த நான்கு பேரும் பெரும்பாலும் ஆங்கிலவழிப் பள்ளியிலிருந்து வந்தவர்கள். கடைசி பெஞ்ச் பிள்ளை பருவம் முழுக்க உட்கார்ந்து நம் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டுப் போகிறது.

அதே வகுப்பை இரண்டிரண்டு பேராகப் பிரித்துப் பத்தே நிமிடம் பேச விடுங்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைத்துவிடும். வாரம் நான்கு வகுப்பு என்றால் 20 நிமிடம். பள்ளிக்காலம் முழுவதிலும் அந்தப் பிள்ளை பேசாத அளவை ஒரே மாதத்தில் பேசிவிடும். இரைச்சல் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப்பார்ப்பார். துறைத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். தமிழும் கலந்து பேசுவார்கள், சிலர் சினிமா பேசுவார்கள். நீங்கள் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தால் அது குறையும். முழுவதும் நிற்காது. நிற்க வேண்டியதும் இல்லை.

4. அவர்களுக்குத் தெரிந்ததைப் பேசச் சொல்லுங்கள். “என் வாழ்க்கை லட்சியம்”, “வேற்றுமையில் ஒற்றுமை” என்று தலைப்புக் கொடுத்தால் பள்ளியில் மனப்பாடம் செய்த கட்டுரைதான் வரும். அதில் பேச்சு இல்லை. நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பறித்து நடுவது எப்படி, சந்தையில் ஆடு வாங்குகிறவர் எதைப் பார்த்து விலை சொல்வார், கபடியில் போனஸ் புள்ளி எப்போது கிடைக்கும், நூறு நாள் வேலையில் அம்மா காலையில் என்ன செய்கிறார், புள்ளிக்கோலத்தில் கை எங்கே தொடங்கும் என்று கேளுங்கள். இவற்றில் பாதி உங்களுக்குத் தெரியாது. அதுதான் இதன் பலமே. விடை தெரிந்த கேள்வியை ஆசிரியர் கேட்டால் அது தேர்வு. தெரியாததைக் கேட்டால் பேச்சு. பிள்ளை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. சொல் கிடைக்காத இடத்தில் தமிழ்ச் சொல்லைப் போட்டு நகரட்டும். ஆங்கிலச் சொல்லை நீங்கள் அடுத்த வரியில் இயல்பாகச் சொல்லுங்கள், அது பிடித்துக்கொள்ளும். நீர் மேலாண்மையைப் பற்றி டெல்டாப் பிள்ளை ஒன்று உடைந்த ஆங்கிலத்தில் பேசும்போது வகுப்பு எப்படி அமைதியாகக் கேட்கும் என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

5. என். எஸ். பிரபு என்ற பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆங்கிலம் கற்பிக்கும் உலகம் முழுக்க அறிந்த பெயர். நம் கல்லூரிகளில் பலருக்குத் தெரியாது. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியாவில் அவர் நடத்திய சோதனைக்குப் பெங்களூர்த் திட்டம் என்று பெயர் வந்தது. ஆனால் சென்னையிலும் கடலூரிலும்கூட அந்த வகுப்புகள் நடந்தன. சாதாரணப் பள்ளிகள், சாதாரணப் பிள்ளைகள். இலக்கணத்தை வரிசைப்படி நடத்துவதை விட்டுவிட்டு, பிள்ளைகளிடம் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். ரயில் கால அட்டவணையைப் பார்த்து இந்த நேரத்துக்குள் அங்கே போய்ச் சேர எதில் ஏற வேண்டும், வரைபடத்தைப் பார்த்து எந்த வழி குறைவு என்பது போன்ற வேலைகள். பிள்ளையின் கவனம் விடையின் மேல் இருக்கும்போது மொழி தானாக உள்ளே போகும் என்பது அவர் கருத்து. 1987இல் புத்தகமாகவும் எழுதினார்.

அவர் சொன்ன ஓர் அளவுகோல் எனக்கு மிகவும் பிடிக்கும். வகுப்பில் பாதிப் பேராவது வேலையில் பாதியையாவது சரியாகச் செய்தால் அந்த வேலை அந்த வகுப்புக்குப் பொருத்தமானது. எல்லாரும் எல்லாவற்றையும் சரியாகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்து நொந்துபோகாதீர்கள். உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் நேர அட்டவணையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதியை ஒருவரிடமும் மறுபாதியை இன்னொருவரிடமும் கொடுத்து, ஒருவரையொருவர் கேட்டு முழுமையாக்கச் சொல்லுங்கள். ஒரு வகுப்புக்கு அது போதும்.

6. பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். கையில் சிறு தாள் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதுங்கள். எல்லாத் தப்பும் ஒரே எடை உடையவை அல்ல. “ஷி கோ டு மார்க்கெட்” என்று ஒரு பிள்ளை சொன்னால் பொருள் புரிகிறது, அது காத்திருக்கலாம். “கேம் யெஸ்டர்டே” என்று சொன்னால் வந்தது யார்? “வந்தேன்”, “வந்தாள்” என்று தமிழில் வினையே ஆளைச் சொல்லிவிடும். அந்தப் பழக்கத்தில் பிள்ளை ஆங்கிலத்திலும் ஆளை விட்டுவிடுகிறது. கேட்பவருக்குப் புரியாமல் போகும் இத்தகைய தப்புகளை முதலில் எடுங்கள். கேள்வி கேட்கும்போது சொல் வரிசை மாறுவது அடுத்தது. மற்றவை இரண்டாம் ஆண்டில்.

7. உச்சரிப்பில் வெள்ளைக்காரர் போலப் பேசவைக்க முயலாதீர்கள். அது தேவையும் இல்லை, அழகும் இல்லை. கேட்பவருக்குத் தெளிவாகப் புரிந்தால் போதும். அதற்கு மூன்று இடத்தில் மட்டும் உழைக்க வேண்டும். சொல்லின் கடைசியில் உகரம் சேர்ப்பது ஒன்று: புக்கு, பஸ்ஸு, கேட்டு. இரண்டாவது, ககரமும் பகரமும் நம் எழுத்தில் ஒலிப்பு வேறுபாட்டைக் காட்டுவதில்லை. பையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் முதுகைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பேக்’தான். ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் நிறைய இருப்பார்கள். அதைக் கேலி செய்யாதீர்கள், அது அவர்களின் உழைப்பு. காதால் கேட்டு அதன்பின் எழுதிக்கொள்ளப் பழக்குங்கள். மூன்றாவது அழுத்தம். ஃபோட்டோகிராஃப் என்பதில் அழுத்தம் முதல் அசையில். ஃபோட்டோகிராஃபியில் இரண்டாவது அசையில். தமிழில் அழுத்தத்தால் பொருள் மாறாததால் நம் காது அதைக் கவனிப்பதில்லை. கையால் பெஞ்சில் தட்டிக்கொண்டே சொல்லவைத்தால் இரண்டு வாரத்தில் பிடிபடும்.

8. சரளம் வர ஒரே பேச்சைத் திரும்பப் பேசவையுங்கள். கீத் மாரிஸ் என்பவர் 1983இல் எழுதிய முறை இது. பால் நேஷன் என்ற அறிஞரால் பரவலாகத் தெரியவந்தது. ஒரு பிள்ளை தன் செய்தியை ஒருவரிடம் 4 நிமிடம் சொல்லும். அதே செய்தியை வேறொருவரிடம் 3 நிமிடத்தில். மூன்றாமவரிடம் 2 நிமிடத்தில். கேட்பவர் ஒவ்வொரு முறையும் புதியவர் என்பதால் சலிப்பு வராது. மூன்றாவது முறை நாக்கு எங்கும் தடுக்காமல் போவதை அந்தப் பிள்ளையே உணரும். முதலாண்டில் 4 நிமிடம் அதிகம். 2 நிமிடம், ஒன்றரை, ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

9. “மைசெல்ஃப்” என்று தொடங்கும் சுய அறிமுகத்தை அச்சடித்துக் கொடுக்காதீர்கள். ஊர், அப்பா தொழில், பொழுதுபோக்கு, பலம், பலவீனம் என்று வகுப்பே ஒரே பத்தியை ஒப்பிக்கும். நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருப்பவர் அதைப் பலமுறை கேட்டவர். “பொழுதுபோக்கு கிரிக்கெட்டா? நேற்று ஆட்டம் பார்த்தாயா?” என்று இரண்டாவது கேள்வி கேட்பார், பத்தி அங்கே நின்றுவிடும். ஆகவே இரண்டாவது கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் பழக்குங்கள். ஒருவர் ஒரு வாக்கியம் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் அதிலிருந்து மூன்று கேள்வி கேட்கட்டும். அவ்வளவுதான் பயிற்சி.

10. செல்போனைப் பகையாக்காதீர்கள். நேருக்கு நேர் வாய் திறக்காத பிள்ளை வீட்டில் உட்கார்ந்து ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் பதிவுசெய்யும்; பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பேசும். அப்படி நான்கு முறை பேசினால் நான்கு நிமிடம் ஆயிற்று. நீங்கள் பதிலுக்குத் தப்பைச் சொல்லாதீர்கள், அது சொன்ன செய்திக்குப் பதில் சொல்லுங்கள். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். எல்லாப் பெண்பிள்ளைகளிடமும் சொந்தப் போன் இல்லை. அப்பாவின் போன், அண்ணனின் போன். பலர் இருக்கும் குழுவில் அவர்கள் எண் போவதை வீட்டில் விரும்பமாட்டார்கள். கட்டாயமாக்காதீர்கள். வகுப்பிலேயே அவர்களுக்கு அந்த நேரத்தைக் கூடுதலாகக் கொடுங்கள்.

11. மாலை 4 மணிக்கு மேல் தனி வகுப்பு வைக்காதீர்கள். பேருந்து போய்விடும். உங்கள் ஆர்வத்துக்காக ஒரு பெண்பிள்ளை இருட்டிய பிறகு ஊர்விலக்கில் இறங்கி நடக்கக் கூடாது.

12. பாடத்திட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பகுதி இரண்டு ஆங்கிலத்தில் செய்யுள், உரைநடை எல்லாம் முடிக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பத்து நிமிடம் மட்டும் பேச்சுக்கு என்று ஒதுக்குங்கள். பாடம் பின்தங்காது. பருவத்தேர்வு நெருங்கினாலும் அந்தப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

13. உங்களில் பலரும் இதே போன்ற ஊர்களிலிருந்து, இதே தமிழ்வழியில் வந்தவர்கள். ஆசிரியர் அறையில் சக ஆசிரியரிடம் ஆங்கிலத்தில் பேசக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் நாளுக்குச் சிறிது நேரம் பேசுங்கள். நீங்கள் பேசாத மொழியைப் பிள்ளைகள் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வழியில்லை. நீங்கள் எந்த ஊரில் படித்தீர்கள், எப்படிப் பேசக் கற்றீர்கள் என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். நகரத்துப் பேச்சாளரை அழைத்துவந்து ஊக்கவுரை கேட்கவைப்பதைவிட அது ஆழமாகப் போகும்.

14. பெரும்பாலான பட்டப்படிப்புகளில் ஆங்கில வகுப்பு முதல் நான்கு பருவத்தோடு முடிந்துவிடுகிறது. வளாக நேர்காணல் வருவதோ மூன்றாம் ஆண்டில். அந்த ஆண்டில் பிள்ளைகளுக்குப் பேச ஆளே இல்லை; கற்றது கரைந்துபோகும். 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் ஆங்கிலப் பயிற்சி உங்கள் கல்லூரியில் நடந்தால் அதை முழுமையாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வாரம் ஒரு நாள், உங்கள் முதலாண்டு வகுப்பின் அந்தப் பத்து நிமிடத்துக்கு மூன்றாமாண்டுப் பிள்ளைகளை வரச்சொல்லுங்கள். பெஞ்சுக்கு ஒருவர் உட்காரட்டும். சின்னவர்களிடம் கேள்வி கேட்கட்டும், அவர்களைப் பேசவைக்கட்டும். நீங்கள் ஜன்னல் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். அவர்களாகக் கூப்பிட்டால் ஒழியப் போகாதீர்கள்.