யார் கையில் ரூட்?

கேள்வி: உபுண்டுவும் ராக்கி லினக்ஸும் கலந்து 200 சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறோம். டாக்கர், என்ஜின்எக்ஸ், கிராஃபானா என்று ஆளாளுக்கு வெளி ரெப்போக்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எதில் எது இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– சிஸ்டம் அட்மின், கோவை

பதில்: கணக்கெடுப்பிலிருந்து தொடங்குங்கள். எல்லா சர்வர்களின் ரெப்போ பட்டியலையும் ஆன்சிபிள் வழியாக ஓரிடத்தில் திரட்டுங்கள். பிறகு ஒவ்வொரு ரெப்போவையும் வைத்து மூன்று விஷயம் விசாரியுங்கள். இதிலிருந்து வந்த பேக்கேஜ் எது? அதைக் கேட்டது எந்த டீம்? டிஸ்ட்ரோவே தரும் பதிப்பு ஏன் போதவில்லை? பதில் சொல்ல ஆளில்லாத ரெப்போ வெளியேறட்டும். ஆனால் ரெப்போவை மட்டும் நீக்கிவிட்டு நிற்காதீர்கள். அதிலிருந்து வந்த பேக்கேஜ், அப்டேட் இல்லாமல் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அதையும் நீக்குங்கள், அல்லது டிஸ்ட்ரோ பதிப்புக்கு மாற்றுங்கள்.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்று டீம்கள் கேட்கும். ஒரு பேக்கேஜை நிறுவும்போது அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்ட்கள் ரூட்டாக ஓடுகின்றன. ஆக, வெளி ரெப்போ ஒன்றைச் சேர்த்தால், அதை நடத்துபவருக்கு உங்கள் சர்வர்களில் ரூட் உரிமை கொடுத்ததாகவே அர்த்தம். யாருக்குக் கொடுத்தோம் என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டாமா?

கேள்வி: பழைய ஏபிடி-கீ முறையை விட்டுவிட்டு, ஒவ்வொரு ரெப்போவுக்கும் ‘சைன்ட்-பை’ போட்டுத் தனிச்சாவி வைத்துவிட்டோம். இனி பயமில்லைதானே?
– டெவ்ஆப்ஸ் பொறியாளர், சென்னை

பதில்: பாதி பயம் போயிற்று. ஏபிடி-கீ காலத்தில், ஒரு ரெப்போவுக்காகச் சேர்த்த சாவியை எல்லா ரெப்போக்களுக்கும் ஏபிடி ஏற்றுக்கொண்டது. இப்போது அந்தச் சாவி அதன் ரெப்போவுக்கு மட்டும்தான் செல்லும். ஆனால் அந்த ரெப்போ எந்தெந்தப் பேக்கேஜைத் தரலாம் என்பதை ‘சைன்ட்-பை’ கட்டுப்படுத்தாது. கிராஃபானாவுக்காகச் சேர்த்த ரெப்போ நாளைக்கு ஓப்பன்எஸ்எஸ்எல்லின் புதிய பதிப்பையும் வைத்திருந்தால்? சாதாரணமாக எல்லா ரெப்போவுக்கும் முன்னுரிமை எண் 500. எண் சமமானால், பதிப்பு எண் பெரியதே ஜெயிக்கும்.

அதனால் பின்னிங் அவசியம். வெளி ரெப்போவின் எல்லாப் பேக்கேஜுக்கும் எதிர்ம எண் கொடுத்து மூடிவிட்டு, உங்களுக்கு வேண்டிய பெயர்களுக்கு மட்டும் 500 கொடுங்கள். ராக்கியில் டிஎன்எஃப்பின் ‘இன்க்ளூட்பேக்கேஜஸ்’ வரி இதே வேலையைச் செய்யும். ஒன்றில் மட்டும் கவனம்: ஏபிடியில் பெரிய எண்ணுக்கு முன்னுரிமை, டிஎன்எஃப்பில் சிறிய எண்ணுக்கு, இயல்பு எண் 99. இரண்டு வகை சர்வரையும் ஒரே ஆள் பார்க்கும் இடங்களில் இது தலைகீழாகிவிடும்.

இன்னொன்று: கையொப்பம் சரியாக இருப்பதால் சரக்கு நல்லதென்று ஆகிவிடாது. எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இருந்த பின்கதவு, முறையாக வெளியிடப்பட்ட பதிப்பாகவே டெபியன் அன்ஸ்டேபிள், ஃபெடோரா ராஹைட் வரை வந்துவிட்டது. நிலையான பதிப்புகளை எட்டுவதற்குள் 2024 மார்ச் 29 அன்று அம்பலமானது.

கேள்வி: உள்ளேயே மிரர் வைக்கச் சொல்கிறார்கள். டிஸ்க் செலவு, பராமரிப்பு எல்லாம் யோசித்தால் ஒரு கேஷ் சர்வர் போதாதா?
– ஐடி மேலாளர், ஓசூர்

பதில்: கேஷ் உங்கள் இணையச் செலவைக் குறைக்கும், முடிவெடுக்கும் உரிமையைத் தராது. வெளியே என்ன மாறினாலும் அது அப்படியே உள்ளே வரும்.

குபெர்னெட்டிஸின் பழைய ரெப்போ முகவரிகள் 2023 செப்டம்பர் 13-இல் உறைநிலைக்குப் போய், 2024 மார்ச்சில் மறைந்தே போயின. சென்டோஸ் 7-இன் ஆயுள் 2024 ஜூன் 30-இல் முடிந்ததும், அதன் மிரர் பட்டியல் முகவரியும் பதில் தருவதை நிறுத்தியது. இப்படி நடக்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களுக்கு எதுவும் தெரியாது. பழுதான ஒன்றுக்குப் பதிலாகப் புதிய சர்வர் எழுப்பும்போதுதான், நிறுவல் பாதியில் நின்று விஷயம் தெரியவரும். இபெல் போன்ற ரெப்போக்களில் பழைய பதிப்புகள் பொதுவாகத் தங்குவதில்லை. பிளேபுக்கில் பதிப்பு எண்ணைக் குறித்து வைத்தவர்கள் அடிக்கடி இதில் மாட்டிக்கொள்வார்கள்.

எனவே என் பரிந்துரை மிரரும் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்த ஏற்பாடு. உபுண்டு பக்கம் மட்டும் என்றால் ஆப்ட்லி போதும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து என்றால் பல்ப். வெளி ரெப்போவை நகலெடுங்கள். அன்றைய நிலையைத் தேதியிட்டு ஸ்னாப்ஷாட் ஆக்குங்கள். முதலில் டெஸ்ட் சர்வர்கள் அதைப் பார்க்கட்டும். சில நாள் கழித்து அதே ஸ்னாப்ஷாட்டை, ஒரு பேக்கேஜும் மாறாமல், ப்ரொடக்‌ஷனுக்கு நகர்த்துங்கள். சர்வர்களிலிருந்து வெளி ரெப்போக்களுக்குப் போகும் வழியை ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் மூன்றே மாதத்தில் யாராவது நேரடி முகவரியைச் சேர்த்திருப்பார்கள்.

டிஸ்க் பயம் வேண்டாம். ஆப்ட்லியில் வடிகட்டி போட்டு, தேவையான பேக்கேஜ்களை மட்டும் அவற்றின் சார்புகளோடு எடுக்கலாம். எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்: பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால், ஏற்கெனவே நிறுவிய பேக்கேஜ்கள் தானாகப் பழைய பதிப்புக்கு இறங்காது. அதைத் தனியாகச் செய்ய வேண்டும்.

கேள்வி: தானியங்கி அப்டேட் எல்லா சர்வரிலும் போட்டிருக்கிறோம். வெளிப் பேக்கேஜ்களும் அதில் அடங்கும்தானே?
– வாசகர், திருச்சி

பதில்: உபுண்டுவில் அடங்காது. உபுண்டுவின் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ், இயல்பாக உபுண்டுவின் சொந்த ரெப்போக்களை மட்டுமே பார்க்கும். வெளி ரெப்போவின் பெயரை அதன் அமைப்பில் நீங்கள் எழுதினால்தான் உண்டு. உபுண்டுவைப் பெரிய பதிப்புக்கு மாற்றும்போதும் வெளி ரெப்போக்கள் முடக்கப்படும். மறுபடி இயக்குவது உங்கள் வேலை.

அதற்காக எல்லா வெளி ரெப்போவையும் தானியங்கிப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். வெளிப் பேக்கேஜ் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். அதன் பாதுகாப்பு அறிவிப்புகளை அவர் படிக்கட்டும்; அவசரத் திருத்தம் வந்தால் ஸ்னாப்ஷாட்டை அன்றே நகர்த்தும் அதிகாரமும் அவருக்கு இருக்கட்டும். சோதித்துப் பிறகு நகர்த்தும் விதி, அவசரத் திருத்தத்தை ஒரு வாரம் காக்க வைக்கும் சாக்காகிவிடக் கூடாது. பொறுப்பேற்க ஆள் கிடைக்காத பேக்கேஜுக்கு டிஸ்ட்ரோ பதிப்பே மேல். பழையதானாலும் அதன் திருத்தங்களைப் பார்த்துக்கொள்ள அங்கே ஒரு குழு இருக்கிறது.