பழைய கணினியில் லினக்ஸ் ஏற மறுத்தால்

ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத் தோட்ட வீடுகளில் பழைய கணினிக்கு முதல் எதிரி பனி ஈரம். நிறுவல் பாதியில் உறைந்தால் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ராமை வெளியே எடுத்து, அதன் பொன்னிற முனைகளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள் போகத் துடைத்து மறுபடி பொருத்த வேண்டும். பல நேரம் இதுவே போதும். புது ராமுக்குப் பதுளை வரை பஸ் ஏறத் தேவையில்லை.

அணைத்துப் போடும்போதெல்லாம் திகதி பல வருடம் பின்னால் போனால், தாய்ப்பலகையிலுள்ள சிஆர்2032 பற்றரி தீர்ந்திருக்கும். திகதி பிழையென்றால் இணையத்திலிருந்து மென்பொருள் இறங்காது.

32 பிட் செயலிக்கு 2023இல் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பு பொருந்தும். டெபியன் 13இல் அதற்கான நிறுவி இல்லை.

நிறுவிய பின் திரை கறுத்தால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என ஆங்கில எழுத்தில் சேர்த்து, எஃப்10 அழுத்தலாம்.