சிறு வேடம்

திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் அசைந்து வருவது கண்கொள்ளாக் காட்சியாகும். வடம் பிடிப்போர் பலர். வாழ்த்தொலி எழுப்புவோர் அவரினும் பலர். அனைவருடைய கண்களும் தேரின் உச்சியிலும், அங்கு அசையும் தொங்கல்களிலும் பதிந்திருக்கும். சக்கரம் கழன்றுவிடாமல் காக்கின்ற அச்சாணியை எவரும் நோக்குவதில்லை. ஆயினும், அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் நாட்டுப் பழமொழி. வடிவிற் சிறியாரை இகழலாகாது என்பதை விளக்கத் திருவள்ளுவரும் இவ்வச்சாணியையே உவமையாக எடுத்தாண்டார்.

நாடகமும் திரைப்படமும் இத்தகைய தேர்களே. அரசனாகவும் தலைவியாகவும் நடிப்போரை நாம் அறிவோம். அவர்தம் பெயர்களைச் சிறு குழந்தையும் சொல்லும். ஆனால், ஓலை கொண்டுவரும் தூதன், வாயிற்காவலன், தோழி, சந்தையில் கூடும் ஊரார் ஆகியோராக நடித்தவர் யாவர் என்று நாம் கேட்பதில்லை. முதன்மை நடிகர் வர இயலாதபோது அவருடைய வேடத்தை ஏற்று நாடகத்தைக் காப்பாற்றும் பதிலியையும் நாம் நினைப்பதில்லை. இவர்களை முற்காலத்தில் திரைப்பட உலகில் ‘எக்ஸ்ட்ரா’ என்று அழைத்தனர். மிகையானவர் என்பது அச்சொல்லின் பொருள். மிகை என்றால், இருந்தாலும் இல்லாவிடினும் ஒன்றே என்றாகிறது. அப்பெயர் அவர்களுக்குப் பொருந்துமா என்பதை ஆராய்வோம்.

நாடகக் கலையைத் தமிழகத்தில் தழைக்கச் செய்த பெருமக்களுள் தலைசிறந்தவர் சங்கரதாச சுவாமிகள். இவர் 1918ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்னும் நாடகக் குழுவைத் தோற்றுவித்தார். சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்திய இத்தகைய குழுக்களைப் ‘பாய்ஸ் கம்பெனி’ என்று மக்கள் வழங்கினர். அவற்றில் சேர்ந்த சிறுவர்கள் ஆசிரியருடன் ஒரே இடத்தில் தங்கி, உண்டு, உறங்கி, இசையும் வசனமும் பயின்றனர். தன் பாடத்தை மட்டும் அறிந்தவன் அங்கே சிறந்த மாணவன் ஆகமாட்டான். பிறருடைய பாடங்களையும் காதால் கேட்டுக் கேட்டு மனத்திற் பதித்துக் கொண்டவனே குழுவுக்குப் பயன்பட்டான்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காலத்து நாடகங்கள் பாட்டை உயிராகக் கொண்டவை. பன்னிரண்டு பதின்மூன்று வயதளவில் தேனினும் இனிய குரலில் பாடிவந்த சிறுவனுக்கு, ஓரிரு ஆண்டுகளில் மகரக்கட்டு ஏற்படும். குரல் உடைந்து கரகரப்பாகிவிடும். நேற்று வரை தலைமை வேடம் பூண்டவன் இன்று பாட இயலாமல் தவிப்பான். அறிவிக்கப்பட்ட நாடகம் நடந்தாக வேண்டும். கொட்டகையில் மக்கள் கூடிவிடுவர். அந்நேரத்தில், அதுவரை ஓரத்தில் ஏவலாளாக நின்ற மற்றொரு சிறுவன் அவ்வேடத்தை ஏற்பான். அவன் முன்னரே பாடம் செய்து வைத்திருந்தால் நாடகம் பிழைக்கும். இல்லையேல் குழு முழுவதும் பசியோடு உறங்க நேரிடும். எனவே, பதிலியாக நிற்பது அங்கே விளையாட்டன்று. பலருடைய உணவு அதைச் சார்ந்திருந்தது. சிறுவயதில் நாடகக் குழுவில் பயின்ற சிவாஜி கணேசன், இராமாயண நாடகத்தில் சீதை, பரதன், சூர்ப்பணகை, இந்திரசித்து எனப் பல வேடங்களை ஏற்றார். பெண்மையும் ஆண்மையும், அன்பும் சினமும் ஒருவரிடத்திலேயே பழகி நின்றதற்கு அப்பயிற்சியே அடிப்படை எனலாம்.

தென்மாவட்டத்துச் சிற்றூர்களில் திருவிழா நாள்களில் நடைபெறும் ‘ஸ்பெஷல் நாடகம்’ பதிலியின் தேவையை இன்னும் தெளிவாகக் காட்டும். வள்ளி திருமணம், அரிச்சந்திரன் முதலிய இந்நாடகங்களில் நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் தனித்தனியே அழைக்கப்பட்டு, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து மேடையில் ஒன்றுகூடுவர். அவர்களுக்கு முன்கூட்டிய ஒத்திகை இல்லை. ஒருவர் வாராது போயின், அவ்வேடம் அறிந்த இன்னொருவர் அரிதாரம் பூசிக்கொண்டு மேடை ஏறுவார். விடிய விடிய நடக்கும் நாடகம் தடைப்படாது. கதை முழுவதையும் ஒவ்வொரு நடிகரும் அறிந்திருப்பதே இதற்குக் காரணமாகும்.

இவ்வாறு நாடக மேடையிற் பயின்று, துணை வேடங்களாலேயே புகழ் பெற்றவர் விருதுநகரில் 1926ஆம் ஆண்டில் பிறந்த வி. கே. ராமசாமி. ‘தியாக உள்ளம்’ என்னும் நாடகத்தைத் தழுவி ஏவி. மெய்யப்பன் ‘நாம் இருவர்’ என்னும் திரைப்படத்தைக் காரைக்குடியில் இருந்த தம் படப்பிடிப்பு நிலையத்தில் உருவாக்கினார். அப்படம் 1947ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் ராமசாமி முதியவராக நடித்தார். அப்போது அவருக்கு வயது 21. இளமையின் மிடுக்கை அடக்கி, முதுமையின் தளர்ச்சியையும் தந்திரத்தையும் உடலிலும் குரலிலும் காட்டுவது எளிதன்று. தலைவனாக நடிக்கும் வயதில் தந்தையாக நடிக்க எத்தனை இளைஞர் உடன்படுவர்? அவரோ அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தந்தையாகவும், மாமனாராகவும், கருமியாகவும், அலுவலகத் தலைவராகவும் நடித்துக்கொண்டே இருந்தார். 1986ஆம் ஆண்டில் வந்த ‘மௌன ராகம்’ படத்தில் அவர் தோன்றுவது சில காட்சிகளில்தான். எனினும், அக்காட்சிகளை எண்ணி நகைக்காதவர் இல்லை. 2002ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

விருதுநகரும் காரைக்குடியும் 1985ஆம் ஆண்டு வரை இராமநாதபுரம் என்னும் ஒரே மாவட்டத்தில் அடங்கியிருந்தன. காரைக்குடிக்கு அண்மையில் உள்ள பள்ளத்தூரில் ஒரு சிறுமி வாழ்ந்தாள். அவ்வூருக்கு வந்த நாடகக் குழு ஒன்றில், ஒரு சிறு வேடத்தில் பாடி நடிக்க ஆள் வேண்டியிருந்தது. அவ்வேடத்தை ஏற்றவருக்குப் பாட்டு வரவில்லை. நன்கு பாடக்கூடிய அச்சிறுமியை அழைத்து மேடையேற்றினர். அவளே பின்னாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரைப்படங்களில் நடித்து உலகப் புகழ் பெற்ற மனோரமா ஆவார். பிறருக்கு மாற்றாக நின்ற ஒரு நாள், ஒரு கலைவாழ்வுக்கே தொடக்கமாக அமைந்தது.

எம். ஜி. இராமச்சந்திரன் 1936ஆம் ஆண்டில் ‘சதி லீலாவதி’ என்னும் படத்தில் காவல்துறை அதிகாரியாகச் சிறு வேடம் ஏற்றார். ‘ராஜகுமாரி’ படத்தில் அவர் கதைத் தலைவனாக நடித்தது 1947ஆம் ஆண்டில். இடைப்பட்ட 11 ஆண்டுகளும் சிறு வேடங்களும் துணை வேடங்களுமே அவருக்குக் கிடைத்தன. அவர் முதன்முறையாகத் தமிழக முதலமைச்சரானது 1977ஆம் ஆண்டில். அப்போது அவரைச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுத்து அனுப்பிய தொகுதி, இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள அருப்புக்கோட்டையாகும்.

ஆயினும், இவ்வரலாறுகளைப் படிக்கும் நாம் ஒன்றை மறத்தல் கூடாது. சிறு வேடம் பெரிய வேடத்திற்கு ஏணியாக இருப்பதால்தான் மதிப்புடையது என்று எண்ணிவிடலாகாது. சிறு வேடம் பூண்ட நூற்றுவருள் ஒருவரே புகழேணியில் ஏறுகின்றார். எஞ்சிய தொண்ணூற்றொன்பதின்மரும் வாழ்நாள் முழுவதும் தூதனாகவும் காவலனாகவுமே நின்று மறைகின்றனர். அவர்கள் வாழ்வு வீணன்று. தூதன் உரிய நொடியில் நுழைந்து, உரிய சொல்லைச் சொல்லாவிடின், அரசனாக நடிப்பவர் எத்துணைத் திறமை உடையவராயினும் வாயடைத்து நிற்க வேண்டியதே. அவ்வொரு நொடியைப் பொறுத்தமட்டில், நாடகத்தின் பாரம் முழுவதும் தூதன் தோளில் இருக்கிறது.

திரைப்படத்தில் பதிலியின் பணி இன்னும் அரியது. முதன்மை நடிகர் இளைப்பாறும்போது, அவருடைய உயரமும் நிறமும் உடைய ஒருவர் அவர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பார். ஒளிப்பதிவாளர் விளக்குகளின் அளவையும் திசையையும் அவரைக் கொண்டே சரிசெய்வார். சுடர்விளக்குகளின் வெப்பத்தில் நெடுநேரம் நின்றபின், காட்சி படமாகும் வேளையில் அவர் ஒதுங்கிவிடுவார். 1940ஆம் ஆண்டில் பி. யு. சின்னப்பா ‘உத்தம புத்திரன்’ படத்தில் இரட்டை வேடம் பூண்டார். இத்தகைய படங்களில், ஒரே நடிகரை இருவராகக் காட்டுவதற்குக் காமிரா வில்லையின் ஒரு பாதியை மறைத்துப் படமெடுத்துப் பின்னர்ப் படச்சுருளைத் திருப்பி மறுபாதியிலும் படமெடுப்பர். ஆனால், இருவரும் தழுவிக்கொள்ளும் காட்சிக்கு இம்முறை உதவாது. அங்கே காமிராவுக்கு முதுகைக் காட்டி நிற்பவர் பதிலியே. முகம் தெரியாமல் நிற்பதே அவருடைய கலை!

குதிரையிலிருந்து வீழ்தல், மாடியிலிருந்து குதித்தல், தீயினுள் புகுதல் முதலிய செயல்களை நடிகருக்காகச் செய்பவரை ‘டூப்’ என்பர். கைதட்டல் நடிகருக்கு, காயம் இவருக்கு. உயிரிழந்தோரும் உண்டு. இவர்தம் குடும்பத்திற்குப் பாதுகாப்பளிப்பது கலையை நுகரும் சமுதாயத்தின் கடமையன்றோ?

இவ்வுண்மையைச் சிவகாசிப் பகுதி மாணவர்கள் பிறரினும் நன்கு உணர்வர். தீபாவளி இரவில் வானத்தில் வண்ணப் பூ மலர்கிறது. ஊரெல்லாம் அதனை வியந்து நோக்குகிறது. மருந்தைக் கலந்த கையையும், திரியைச் செருகிய விரலையும், தாளைச் சுற்றி ஒட்டிய பெண்ணையும் யார் நினைக்கின்றனர்? பெட்டியின்மேல் அவர்கள் பெயர் இல்லை. 2012ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒளியைக் காண்பவர் ஒருவர். அவ்வொளிக்காகத் துன்பத்தை ஏற்பவர் வேறொருவர். மேடைக்கும் பட்டாசுத் தொழிலுக்கும் இவ்வகையில் ஓர் ஒற்றுமை இருக்கிறது.

எனவே, ‘எக்ஸ்ட்ரா’ என்ற பெயர் அவர்களுக்குச் சிறிதும் பொருந்தாது. ‘துணை நடிகர்’ என்று இன்று நாம் வழங்கும் பெயரே பொருத்தமானது. துணை என்பது மிகையன்று. துணையின்றி எச்செயலும் நிறைவேறுவதில்லை.

மாணவர்களே! உங்கள் பள்ளி ஆண்டு விழாவில் நாடகம் நடைபெறும். ஒருவனுக்கு மன்னன் வேடம் கிடைக்கும். மற்றொருவனுக்கு வேல் பிடித்து நிற்கும் காவலன் வேடமே கிடைக்கும். காவலனாக நிற்பவன் மனம் சோர வேண்டா. மன்னன் பேசும்போது அவன் கவனத்துடன் கேட்டால், அவையோரும் கேட்பர். அவன் வேறெங்கோ நோக்கி நகைத்தால், அரசவையே பொய்யாகிவிடும். ஆகவே, நீங்கள் ஏற்ற வேடம் எதுவாயினும், நாடகம் முழுவதையும் பாடம் செய்துகொள்ளுங்கள். திரை விழுந்து, மன்னனாக நடித்தவனுக்கு மாலை சூட்டப்படும்போது, வேல் பிடித்தவனையும் அருகில் அழைத்துப் பாராட்டுங்கள். அவன் பெயரையும் அறிவிப்புத் தாளில் எழுதுங்கள்.