முதல் மழைக்குப் பின் கிணற்றுத் தண்ணீர்

ஐப்பசியில் இரண்டு மழை விழுந்ததும் கிணற்றடியில் ஒரு பேச்சு கிளம்பும்: "உப்பெல்லாம் போயிடுச்சு, தண்ணி இப்ப நல்லாயிடுச்சு." நாக்கு பொய் சொல்லவில்லை. மழைநீர் கலந்ததும் உப்பு குறைவது உண்மை. ஆனால் அதே மழைதான் கோடை முழுக்கத் தரையில் கிடந்த சாணம், உரம், கழிவறைக் குழியின் கசிவு அத்தனையையும் கரைத்துக் கீழே இறக்குகிறது. சித்திரை மாதத்துக் கரிப்புத் தண்ணீரைவிட, இந்த ருசியான தண்ணீரைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன்.

கடையில் வாங்கிய டிடிஎஸ் பேனாவை முக்கிப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளந்து, அதை உப்புக் கணக்காக மாற்றிக் காட்டும். கிருமி அதன் கண்ணில் படாது. நைட்ரேட் எவ்வளவு என்று அது தனியே சொல்லாது. யூரியா போட்ட வயலிலிருந்து நைட்ரேட் மழையோடு சுலபமாக இறங்கிவிடும். மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போனால் அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் கரைக்கக் கூடாது. கொதிக்க வைத்தாலும் பயனில்லை. நீர் ஆவியாகும், நைட்ரேட் மிஞ்சும்.

அதனால் இந்த வாரமே பரிசோதனைக்குக் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் செய்வார்கள். உப்பு வகைகளைப் பார்க்க, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்பினால் போதும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலை மட்டும் அலசவே கூடாது. பலரும் தவறுவது இங்கேதான். நிரப்பியதும் ஐஸ் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள்.

முடிவு வரும்வரை, கிருமிக்காகவாவது குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், கிணற்றுக்குக் குளோரின் போடுங்கள். 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். மூன்று மீட்டர் அகல வட்டக் கிணற்றில் நான்கு மீட்டர் தண்ணீர் நின்றால் அது சுமார் 28,000 லிட்டர். 70 கிராம் வேண்டும். பவுடரை அப்படியே அள்ளி வீசாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, முக்கால் வாளி ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் விடுங்கள். அடியில் வெள்ளையாகத் தங்குவது சுண்ணாம்பு. அது கிணற்றுக்குள் போனால் தண்ணீரின் கடினத்தன்மைதான் கூடும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி, மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்குங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் இறைக்காதீர்கள். இரவில் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. தண்ணீர் கலங்கலாக இருந்தால் அது தெளியட்டும், இல்லாவிட்டால் குளோரினை அழுக்கே தின்றுவிடும். போன வருடத்துப் பவுடர் வேண்டாம். பிரித்து வைத்த பையில் வீரியம் இறங்கிப்போயிருக்கும்.

மாடி மழைநீரைக் கிணற்றில் விடுபவர்கள், முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, வடிகட்டியின் மணலையும் ஜல்லியையும் அலசிப் போட்ட பிறகு குழாயைத் திருப்புங்கள். வாசல் தண்ணீர் எக்காரணம் கொண்டும் உள்ளே போகக் கூடாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆழ்குழாய்க் கிணறுகளின் கதை வேறு. அங்கே புளோரைடு பாறையிலிருந்தே கரைந்து வருவது. குளோரினும் காய்ச்சுவதும் அதை அசைக்காது. நேற்றுப் பெய்த மழை அந்த ஆழத்துக்கு உடனே போய்ச் சேர்ந்துவிடுவதும் இல்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீரைத் துவைக்கவும் கழுவவும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைப் பிடியுங்கள்.

சோதனைச் சீட்டைத் தூக்கிப் போடாமல் தேதி எழுதி வையுங்கள். மழை ஓய்ந்து தை பிறந்ததும் அதே கிணற்றில் இன்னொரு பாட்டில் எடுங்கள். அப்போதும் நைட்ரேட் இறங்காமல் நின்றால், கிணற்றுக்கும் கழிவறைக் குழிக்கும் இடையே எத்தனை அடி என்று அளந்து பாருங்கள்.