பிள்ளையை ஒப்படைக்கும் முன்

வீடும் காணியும் இழந்து வந்த குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் படிப்பே பெருங்கவலை. மாத்தளை, ரத்தோட்டை, உக்குவளைப் பகுதிகளில் நம்மவர் சிலர், நிலையான இருப்பிடம் கிடைக்கும்வரை, சமய நிறுவனங்களின் விடுதியிலோ சிறுவர் இல்லத்திலோ பிள்ளைகளை விடுவதுண்டு. அது தவறல்ல. ஆனால் திரும்பக் கூட்டிவரப் போகும்போது, "நீங்கள்தானே எழுதித் தந்தீர்கள்" என்றால் என்ன செய்வது? இதற்கு விடைகாண ஒரு பழைய வழக்கைப் பார்ப்போம்.

அடையாற்று வழக்கு

நாராயணையா ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர், மனைவியை இழந்தவர். 1909இல் மக்களோடு சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபையில் குடியேறினார். அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியை, வரவிருக்கும் உலக குருவுக்கு உரியவர் எனச் சபைத் தலைவர்கள் நம்பினர். 1910 மார்ச்சில் கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்தியானந்தாவையும் வளர்க்கும் பொறுப்பைத் தந்தை, சபைத் தலைவி அன்னி பெசன்ட் அம்மையாருக்கு எழுதிக் கொடுத்தார். 1912இல் அம்மையார் இருவரையும் இங்கிலாந்தில் விட்டுவந்தார். பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டும் கிடைக்காததால் தந்தை வழக்குத் தொடுத்தார்.

1913இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்தைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1914 மே மாதம் இலண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது. தந்தையின் பொறுப்பு ஒரு நம்பிக்கைப் பொறுப்பு. எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெறலாம் என்று அது ஏற்றுக்கொண்டது. ஆயினும் பிள்ளைகள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள், அவர்களுடைய விருப்பம் கேட்கப்படவில்லை, எனவே அங்குள்ள நீதிமன்றத்தையே நாடவேண்டும் என்றது. அப்போது கிருஷ்ணமூர்த்திக்கு வயது 19. தந்தைக்குப் பிள்ளைகள் கிடைக்கவில்லை.

கிறிஸ்தவர்களிடையேயும் இப்படி நடந்ததுண்டு. அமெரிக்காவில் ஷேக்கர் சபையார் மணவாழ்வைத் துறந்து, உடைமையைப் பொதுவாக வைத்து வாழ்ந்தனர். 1814இல் ஜேம்ஸ் சாப்மன் என்பவர் தம் மூன்று பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து அச்சபையில் சேர்த்தார். தாய் யூனிஸ் போராடினார். 1818இல் நியூயோர்க் சட்டசபை அவருக்கெனத் தனிச்சட்டம் இயற்றிய பின்பே பிள்ளைகளை மீட்டார்.

நாம் கவனிக்க வேண்டியவை

1. இல்லம் பதிவு செய்யப்பட்டதா என்று நன்னடத்தை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

2. விளங்காத மொழியிலுள்ள தாளில் கையொப்பமிடாதீர்கள். எதற்காக, எவ்வளவு காலத்துக்கு விடுகிறீர்கள் என்று எழுதச் சொல்லி, ஒரு பிரதியை வைத்திருங்கள்.

3. விடுதியில் விடுவது வேறு, தத்துக் கொடுப்பது வேறு. தத்து நீதிமன்றக் கட்டளையால் நடப்பது. அதன்பின் பெற்றோர் உரிமை நீங்கிவிடும்.

4. தவறாமல் போய்ப் பாருங்கள். இருப்பிடம் மாறினால் புதிய விலாசத்தை உடனே அறிவியுங்கள்.

5. பிள்ளையின் மனதைக் கேளுங்கள். நீதிமன்றமும் பிள்ளையின் நலனையே முதலில் பார்க்கும்.

பிணக்கு வந்தால் காலத்தைக் கடத்தாமல் நன்னடத்தை அலுவலரிடம் சொல்லுங்கள். வழக்குப் பேசப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இல்லம் நடத்தும் திருச்சபையினரான நமக்கும் இது பாடம். நாம் வளர்க்கும் பிள்ளை நமக்குச் சொந்தமல்ல. அன்னாள் சாமுவேலை ஆலயத்தில் விட்ட பின்பும் ஆண்டுதோறும் ஒரு சிறிய அங்கி தைத்துக்கொண்டு போனாள். ஏலி அவளைத் தடுக்கவில்லை, ஆசீர்வதித்து அனுப்பினார்.

கலந்துரையாட

- நம் ஊரில் பிள்ளையை விடுதியில் விட்ட பெற்றோர் கடைசியாக எப்போது போய்ப் பார்த்தார்கள்? தடை என்ன?
- பேருந்துச் செலவுக்கு வழியில்லாத தாய்க்கு நம் சங்கம் எப்படி உதவலாம்?