கணினித் தொகுப்பில் செய்திப் பரிமாற்றம்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே காதங்கி என்னும் சிற்றூரில் விண்வெளித் துறையைச் சார்ந்த தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் அமைந்துள்ளது. வளிமண்டல ரேடார் நிலையமாகத் தொடங்கிய இது, 2005இல் இப்பெயரைப் பெற்றது. காற்றையும் மழையையும் அளப்பதோடு, கணினித் தொகுப்பின் துணைகொண்டு வானிலையை முன்கூட்டிக் கணிக்கும் பணியும் இங்கு நடைபெறுகிறது. 2021 நவம்பரில் திருப்பதியை வெள்ளம் சூழ்ந்ததை நினைவுகூர்ந்தால், இப்பணியின் இன்றியமையாமை விளங்கும். மழை கொட்டித் தீர்த்த பின் வரும் கணிப்பால் பயன் ஏதுமில்லை.

கணுக்களின் வேலைப் பங்கீடு

தொகுப்பு என்பது தனித்தனி நினைவகம் கொண்ட பல கணினிகளின் கூட்டு. ஒவ்வொரு கணினியும் ஒரு கணு எனப்படும். இவை அதிவேக வலையால் இணைக்கப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, ஒரு நிலப்பரப்பை 400 வரிசையும் 400 நிரையும் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, 16 கணுக்களுக்குச் சமமாகப் பங்கிட்டால், ஒரு கணுவுக்கு 10,000 கட்டங்கள் கிடைக்கும். காற்றோ எல்லைக்கோடு அறியாதது. பக்கத்துக் கட்டத்தின் வெப்பமும் அழுத்தமும் தெரியாமல் ஓரக் கட்டத்தைக் கணக்கிட இயலாது. ஒரு கணுவின் நினைவகத்தை மற்றொன்று நேரே படிக்க முடியாதாகையால், ஒவ்வொரு படியிலும் எல்லை மதிப்புகள் செய்தியாக அனுப்பப்படுகின்றன. இதற்கான பொது விதிமுறை 1994இல் வகுக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1991இல் புனேயில் உருவான பரம் 8000 கணினியும் செய்திப் பரிமாற்ற முறையிலேயே இயங்கியது.

ஒழுங்கும் வரம்பும்

அண்டையிலுள்ள இரு கணுக்களும் மற்றதன் செய்தி வந்த பின்னரே தன் செய்தியை அனுப்புவதெனக் காத்திருந்தால், இரண்டுமே முடங்கிவிடும். எனவே அனுப்புதலும் பெறுதலும் முன்னரே வரையறுக்கப்படுகின்றன. செய்தி வந்து சேரும்வரை உட்புறக் கட்டங்களைக் கணக்கிட்டுக் காலத்தை மிச்சப்படுத்துவதும் உண்டு.

கணுக்களைப் பெருக்கினால் வேகமும் அதே விகிதத்தில் பெருகுமா? மேற்கூறிய எடுத்துக்காட்டில், நாற்புறமும் அண்டைக் கணுக்கள் உள்ள ஒரு கணு 400 எல்லை மதிப்புகளைப் பெற வேண்டும். இது அதன் வேலையில் 4 விழுக்காடு. கணுக்களை 64 ஆக்கினால், வேலை 2,500 கட்டங்களாகக் குறையும். எல்லை மதிப்புகளோ 200 ஆக மட்டுமே குறையும். விகிதம் 8 விழுக்காடாகிறது. பொருளியல் கூறும் குறைந்து செல் விளைவு விதி இங்கும் தலைகாட்டுகிறது.

ஆகவே கணினிகளுக்குச் செலவிடுவது போலவே, அவற்றை இணைக்கும் வலைக்கும், நிரல் எழுதும் வல்லுநர்களின் பயிற்சிக்கும் நிதி ஒதுக்குவது அவசியமாகும். அவ்வாறு செய்தாலன்றி, பெருஞ்செலவில் வாங்கிய கணுக்கள் ஒன்றையொன்று எதிர்நோக்கி வாளாவிருக்கும். எச்சரிக்கை வேண்டிய உழவருக்கும் நகர மக்களுக்கும் அது உரிய நேரத்தில் எட்டாது.