பழைய டீசல் எஞ்சினை மதிப்பிடும் முறை

ரஞ்சன்குடி முதலிய பெரம்பலூர்ப் பகுதிக் கிராமங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் பெரும்பாலும் மழையை நம்பி விளைகின்றன. சின்ன வெங்காயத்திற்கோ கிணற்று நீர் வேண்டும். மின் இணைப்புப் பெற்ற விவசாயிக்கு 1990 முதல் பாசன மின்சாரத்திற்குக் கட்டணமில்லை. இணைப்புக்குக் காத்திருப்பவர் டீசல் எஞ்சினையே நாட வேண்டியவராகிறார். புதியது வாங்க இயலாதவர் பழையதைத் தேடுகிறார். சங்கத்தில் கடன் பெற்று வாங்கிய எஞ்சின் வெங்காயம் காய் பிடிக்கும் சமயத்தில் நின்றுவிடுமாயின், பயிர் போய்க் கடன் மட்டும் மிஞ்சும்.

அங்கத்தினர் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். அது முன்னமே சூடாயிருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் குறையை மறைக்க ஓட்டி வைத்திருக்கலாம். ஆறும்வரை காத்திருப்பதே முறை. புதுப் பெயிண்டைக் கண்டும் மயங்கலாகாது. வெடிப்பை ஒட்டவைத்த தழும்பு அதன் கீழ் இருக்கக்கூடும்.

பின்னர் டீசலை அடைத்துவிட்டு, பிளைவீலைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். நல்ல எஞ்சினில் காற்று அமுங்கும் கட்டத்தில் சக்கரம் கையை எதிர்த்துத் தள்ளும். எதிர்ப்பின்றிச் சுழன்றால் ரிங்கோ லைனரோ வால்வோ பழுதென்று கொள்ளலாம். கடப்பாரையால் நெம்புகையில் சக்கரம் மேலும் கீழும் ஆடினால் பேரிங் தேய்ந்துள்ளது. உட்புற எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துள்ளது.

கிளப்பியவுடன் சிறிது வெண்புகை வருவது இயல்பே. சூடேறிய பின்னும் நீலப்புகை நீடித்தால், எஞ்சின் தன் எண்ணெயையே எரிக்கிறது. இது பெருஞ்செலவில் முடியும். கரும்புகை இன்ஜெக்டர் கோளாறாகவும் இருக்கலாம். அதனைச் சீர்செய்வது எளிதாகையால், அது ஒன்றைக் கொண்டே எஞ்சினைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

சுமையின்றி ஓடுகையில் எந்த எஞ்சினும் யோக்கியமானதுதான்! ஆகவே பம்பைப் பூட்டி நீர் இறைத்தே பார்க்க வேண்டும். 200 லிட்டர் பீப்பாய் 20 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 10 லிட்டர். கிணற்று நீர்மட்டத்திலிருந்து குழாய் வாய்வரை 15 மீட்டர் உயரமாயின், 10-ஐ 15-ஆல் பெருக்கி 75-ஆல் வகுக்க, 2 குதிரைச் சக்தி நீராகக் கிடைக்கிறது. 5 குதிரைச் சக்தி எஞ்சினுக்கு இது ஏற்கத்தக்கது. 1 மட்டுமே கிடைத்தால், குறை எஞ்சினிலா பம்பிலா என்பதை மெக்கானிக்கைக் கொண்டு அறிய வேண்டும். அத்தகைய எஞ்சின் முழுச்சுமையில் மணிக்கு ஏறத்தாழ 1 முதல் 1¼ லிட்டர் டீசல் குடிக்கும். அதற்கு மிகுந்தால் அவ்விழப்பு நாள்தோறும் தொடரும்.

பம்ப் நீரை உறிஞ்சும் உயரம் நடைமுறையில் சுமார் 20 அடியே. ஆழக்கிணறு உடையவர் இதனால் எஞ்சினை உள்ளே திட்டில் இறக்கி வைப்பதுண்டு. அதன் புகையில் மணமற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டு. எஞ்சின் ஓடும்போதும், நின்றபின் காற்று நன்கு மாறும்வரையும் எவரும் கிணற்றில் இறங்கலாகாது.

ரிங், லைனர், பேரிங் ஆகியவற்றின் இன்றைய விலையையும் கூலியையும் விசாரித்து, கேட்ட கிரயத்தோடு கூட்டிப் பார்க்க வேண்டும். அக்கூட்டுத்தொகை புதிய எஞ்சினின் விலையை நெருங்கினால் பேரத்தை அத்துடன் நிறுத்திவிடலாம். முடிவில் எஞ்சின் எண்ணை ரசீதில் எழுதி வாங்குதல் அவசியம். அவ்வெண் அராவப்பட்டிருந்தால், எத்துணை மலிவாயினும் அதனை வாங்கலாகாது.